இரண்டு மூடிகள்

கடைசிக் குழந்தையைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டு, காலி வண்டியை மேம்பாலத்தில் ஏற்றிக்கொண்டிருந்தபோதுதான் அந்த வாசனை வந்தது. சர்க்கரைப் பாகை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோன மாதிரி, தித்திப்பாகத் தீய்ந்த ஒரு வாசனை. பின்சீட்டில் யாரோ எதையோ கொட்டி வைத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பதினொரு பிள்ளைகள் ஏறி இறங்கும் வண்டியில் என்ன வாசனைதான் வராது? போன மாதம் ஒரு வாழைப்பழம் சீட்டுக்கடியில் கிடந்து மூன்று நாள் என்னைத் தேட வைத்தது. பாலத்தின் உச்சிக்கு வந்தபோது பானெட் விளிம்பிலிருந்து வெள்ளையாக எதுவோ கிளம்பியது. புகையா ஆவியா என்று யோசிப்பதற்குள் எதிரே சாலை பாதி மறைந்துவிட்டது. சூடு காட்டும் முள்ளைப் பார்த்தேன். அது சிவப்புக் கோட்டையும் தாண்டி, அதற்கு மேல் போக இடமில்லாமல் ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றது.

எனக்குக் கை கால் ஓடவில்லை என்று சொன்னால் பொய். கை கால்கள் அவை பாட்டுக்கு வேலை செய்தன, எனக்குத்தான் ஓடவில்லை. "செவப்பத் தொட்டா யோசிக்கவே கூடாது. ஓரங்கட்டு, ஆஃப் பண்ணு, எறங்கு. என்ன ஆனாலும் மூடியத் தொறக்காத" என்று என் வீட்டுக்காரர் நூறு தடவை சொல்லியிருப்பார். நூறு தடவையும் நான் "சரி சரி, தெரியும்" என்று எரிந்து விழுந்திருக்கிறேன். அந்தக் குரல்தான் இப்போது ஓரங்கட்டியது, ஆஃப் செய்தது, என்னை இறக்கி விட்டது. பாலத்துக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வண்டிக்கடியில் பச்சையாக ஒரு கோடு இறங்கி, பாலத்தின் சரிவில் எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் முன்னால் என்றால் உள்ளே பதினொரு பிள்ளைகளும் இருந்திருப்பார்கள். அதை நினைத்ததும் திரும்பி, காலிச் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

இந்த வண்டிக்குப் பத்தொன்பது வயது. அதில் பதினெட்டரை வருடம் ஓட்டியவர் அவர். ஆறு மாதம் முன்பு அவருக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆனபோது, வண்டியை நிறுத்தினால் பிள்ளைகள் வேறு வண்டிக்குப் போய்விடுவார்கள் என்று நான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். லைசென்ஸ் ஏற்கனவே இருந்தது, தைரியம்தான் இல்லை. வருகிற திங்கட்கிழமை அவர் மறுபடி ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். திங்கட்கிழமையை அவர் எப்படி எதிர்பார்த்தார் என்றால், போன ஞாயிற்றுக்கிழமையே காக்கிச் சட்டையை இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டிவிட்டார். இன்று வெள்ளி. இன்னும் ஒரே ஒரு வெள்ளிக்கிழமையை ஒழுங்காக ஓட்டி முடித்திருந்தால், வண்டியை எப்படி வாங்கினேனோ அப்படியே திருப்பிக் கொடுத்திருப்பேன். அதுதான் எனக்கு அழுகையாக வந்தது. கடைசி நாளில் வண்டியைக் கெடுத்துவிட்டேன், இதை வைத்தே இந்த மனுஷன் இன்னும் பத்து வருடம் கிண்டல் செய்வார்.

கிண்டலில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஓட்ட முடியாமல் வீட்டில் உட்கார்ந்த நாளிலிருந்து என்னை வாத்தியார் மாதிரி கேள்வி கேட்பது அவருக்குப் பொழுதுபோக்காகிவிட்டது. சாயங்காலம் நான் காப்பி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் ஆரம்பிப்பார்: "சரி, சொல்லு பாப்போம். நீலக் கதவுக்கு அப்புறம் யாரு?" வண்டியில் ஏறும் பிள்ளைகளை எங்களுக்கு வீட்டு அடையாளம் வைத்துத்தான் தெரியும். நீலக் கதவு, தையல் மிஷின் வீடு, ரெட்டை நாய், மூணாவது மாடி. "தையல் மிஷின்" என்பேன். "அதுக்கப்புறம்?" "ரெட்டை நாய்." "கரெக்ட், பத்துக்குப் பத்து" என்று சிரிப்பார். ஒருநாள் எனக்குக் கோபம் வந்து, "தெனம் ஓட்டுறவ நானு, எங்கிட்டயே பரீச்சையா?" என்று கத்திவிட்டேன். "உனக்கு ஞாபகம் இருக்கான்னு பாக்குறேன்டி, அவ்வளவுதான்" என்றார், கொஞ்சம் முகம் வாடி. நான் அதோடு விட்டுவிட்டேன்.

டார்ச் அண்ணனுக்குப் போன் செய்தேன். பாலத்துக்குக் கீழேயே அவருடைய பட்டறை. என் வீட்டுக்காரரின் இருபது வருட சிநேகிதர்; டார்ச் லைட்டைப் பல்லில் கடித்துக்கொண்டே வேலை செய்வதால் அந்தப் பெயர். வாயில் டார்ச் இருக்கும்வரை வண்டிக்கு ஒன்றும் பெரிதாக இல்லை என்று அர்த்தம். அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தால் உட்கார்ந்து கேட்க வேண்டிய விஷயம். பதினைந்து நிமிடத்தில் ஒரு கயிற்றோடும் ஜீப்போடும் வந்தார். "இன்ஜின ஒடனே ஆஃப் பண்ணுனியா தங்கச்சி?" என்பதுதான் முதல் கேள்வி. ஆமாம் என்றேன். "அப்ப பொழச்சுது" என்றார். எனக்குப் பாதி உயிர் வந்தது. வீட்டுக்குச் சொல்லட்டுமா என்று கேட்டதற்கு, "என்னன்னு பாத்துட்டுச் சொல்லலாம். இப்பவே சொன்னா நொண்டிக்கிட்டே ஓடியாருவான்" என்றார்.

பட்டறையில் வண்டி ஆறுவதற்கே முக்கால் மணி நேரம் ஆனது. ஒரு ஸ்டூலில் என்னை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். நான் குடிக்கவில்லை. பானெட்டைத் திறந்து, கனமான துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திருகி எடுத்தார். உள்ளே வறண்டு கிடந்தது. அதற்குப் பக்கத்தில், இன்ஜினைக் குளிர வைக்கும் பச்சைத் திரவமான கூலண்ட் நிற்க வேண்டிய வெள்ளை டப்பாவிலும் அடியில் ஒரு கறைதான் இருந்தது. வெறும் தண்ணீரை ஊற்றி நிரப்பி, மூடி இருந்த இடத்தில் கைப்பம்பு ஒன்றை மாட்டி நாலு தடவை அழுத்தினார். அதன் தலையில் கடிகாரம் மாதிரி ஒரு முள். "இந்த முள்ளு நின்னா நல்லது. எறங்குச்சுன்னா எங்கேயோ ஓட்டைன்னு அர்த்தம்." முள் இறங்கியது. சாவகாசமாக, அவசரமே இல்லாமல் இறங்கியது. டார்ச்சைக் கடித்துக்கொண்டு வண்டிக்கடியில் நுழைந்தார். பிறகு "ம்" என்று ஒரு சத்தம்.

வெளியே வந்தபோது டார்ச் கையில் இருந்தது.

"வாட்டர் பம்பு. அடியில ஒரு சின்ன தொளை இருக்கும், உள்ள சீல் போச்சுன்னா அது வழியாத்தான் சொட்டும். வா, நீயே பாரு." குனிந்து பார்த்தேன். அவர் விரல் காட்டிய இடத்தில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி, அதற்குக் கீழே, வெள்ளையும் பச்சையுமாகப் பொருக்குத் தட்டிப்போய், குழாயடியில் உப்புப் படிந்ததுபோல ஒரு தடம். "இது இன்னைக்கு நேத்து ஒழுகுனது இல்ல தங்கச்சி. மாசக்கணக்கா ஒழுகுது."

"அது எப்படிண்ணே? இன்னைக்குத்தானே திடீர்னு..."

அவர் கையைத் துணியில் துடைத்தார். தேவைக்கு மேல் துடைத்தார். பிறகு மென்று முழுங்கிக்கொண்டே சொன்னார்: "மூணு மாசம் முன்னாடியே அவன் எங்கிட்டக் காட்டிட்டான். தெனம் ஒரு டம்ளர்தான் போகுது, காலையில ஒரு டம்ளர் ஊத்திட்டா நாள் பூரா ஓடும். உங்கிட்டச் சொன்னா நீ ஸ்டியரிங்க தொடவே பயப்படுவ, நான் பாத்துக்கறேன், நான் ஓட்ட ஆரம்பிச்சதும் மாத்திக்கலாம்னான். புது பம்பு வாங்கிக்கூட வச்சாச்சு. அதோ பாரு." அலமாரியின் மேல்தட்டில் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. அதன்மேல் என் வீட்டுக்காரரின் குண்டு குண்டான கையெழுத்தில் எங்கள் வண்டி நம்பர்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மூன்று மாதமாக ஓட்டை வண்டியில் பதினொரு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன். எனக்கு மட்டும் தெரியாது. இரண்டு ஆம்பிளைகளும் கூடிப் பேசி, பொம்பளை பயந்துவிடுவாள் என்று மூடி வைத்திருக்கிறார்கள். வாயில் வந்ததை எல்லாம் கேட்டேன். டார்ச் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டார். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான் மெதுவாகக் கேட்டார்.

"அதெல்லாம் சரி. ஆனா அவன் தெனம் ஊத்திக்கிட்டுத்தானே இருந்தான்? ஏன் நிறுத்துனான்?"

"நிறுத்தலையே. இன்னைக்குக்கூட ஊத்துனாரே."

"நீ பாத்தியா?"

பார்த்தேன். தினமும் பார்க்கிறேன். காலையில் ஐந்தரை மணிக்கு நான் சமையலறை ஜன்னலில் நிற்கும்போது, கீழே அவர் கம்பை ஊன்றிக்கொண்டு போய் பானெட்டைத் திறப்பார். எண்ணெய்க் குச்சியை உருவிப் பார்ப்பார், டயரைக் காலால் உதைப்பார், பச்சைக் கேனிலிருந்து எதையோ ஊற்றுவார். ஏதோ வைப்பருக்குத் தண்ணீர் விடுகிறார் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு பானெட்டை மூடி அதன்மேல் இரண்டு தட்டுத் தட்டுவார். இரண்டு தட்டு என்றால் எல்லாம் சரி, கிளம்பலாம். பதினெட்டு வருடம் அவர் தனக்குத் தானே தட்டிக்கொண்டது, ஆறு மாதமாக எனக்காகத் தட்டுகிறார். இன்று காலையும் ஊற்றினார், இன்று காலையும் தட்டினார். சத்தியம் செய்வேன்.

"அப்ப ஊத்துனது எங்க போச்சு?" என்றார் டார்ச் அண்ணன். தன்னையே கேட்டுக்கொள்வது போலத்தான் இருந்தது. "பம்புல போறது ஒரு டம்ளர். தெனம் ஊத்தியும் டப்பா வறண்டு கெடக்குன்னா, வேற எங்கேயோ பெருசா போகுது."

அப்புறம் ஒரு மணி நேரம் அந்த இரண்டாவது ஓட்டையைத் தேடினார். எண்ணெய்க் குச்சியை உருவி வெளிச்சத்தில் பிடித்தார். தண்ணீர் இன்ஜினுக்குள் இறங்கியிருந்தால் எண்ணெய் பால் விட்ட காப்பி நிறத்தில் இருக்குமாம். எண்ணெய் சுத்தமாக இருந்தது. இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் புகைக்குழாயில் கையை வைத்து முகர்ந்தார், ஒன்றும் இல்லை. முன் சீட்டுக்கடியில் விரிப்பைத் தூக்கித் தடவினார், காய்ந்திருந்தது. ரப்பர்க் குழாய்கள் ஒவ்வொன்றையும் குழந்தையின் கையைப் பிடித்துப் பார்ப்பதுபோல அமுக்கிப் பார்த்தார். எதுவும் இல்லை. பம்பின் அந்த ஒரு சொட்டைத் தவிர வண்டியில் வேறு ஓட்டையே இல்லை. இருபது வருடத்தில் இப்படி ஒரு கேஸை நான் பார்த்ததில்லை என்று தலையைச் சொறிந்தார்.

நான் எதேச்சையாகத்தான் சொன்னேன். சும்மா, மனத்தாங்கலில். "ஓட்டைய மறைச்சது பத்தாதுன்னு, வைப்பர் தண்ணியில வேற ஏதோ புது சோப்பக் கலந்து வச்சிருக்காருண்ணே. ஒரு வாரமா கண்ணாடியில அடிச்சாலே பச்சையா இழுவுது. பிசுபிசுன்னு, தொடைக்கத் தொடைக்க ஒட்டுது. எதிர்ல வர்ற வண்டி தெரிய மாட்டேங்குது."

டார்ச் அண்ணன் சொறிவதை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். பானெட்டின் இன்னொரு பக்கத்துக்குப் போனார். பேட்டரியை ஒட்டி இருப்பது கூலண்ட் டப்பா. அதற்கு ஒரு முழம் தள்ளி, ஓட்டுநர் பக்கத்தில், ஏறக்குறைய அதே மாதிரி இன்னொரு வெள்ளை டப்பா; அதுதான் கண்ணாடி கழுவும் தண்ணீருக்கு. ஒரு மூடி கறுப்பு, ஒரு மூடி நீலம் என்று எப்போதோ இருந்தது. பத்தொன்பது வருடச் சூட்டில் இரண்டும் சாம்பல் நிறமாகிவிட்டன. வண்டியை அறியாதவர் யாராவது என்றால் தடுமாறலாம்.

ஓட்டுநர் பக்கத்து மூடியைத் திறந்தார். டார்ச்சை அடித்தார். விளிம்பு வரைக்கும் பச்சையாக நிறைந்து நின்றது. விரலை விட்டு எடுத்து, கட்டை விரலோடு சேர்த்துத் தேய்த்து, முகர்ந்தார். பிறகு டார்ச்சை அணைத்துச் சட்டைப்பையில் போட்டார். அவர் அதைப் பையில் போட்டு நான் பார்த்ததே இல்லை.

"கூலண்ட்டு" என்றார்.

எனக்கு உடனே உறைக்கவில்லை. "யாரு ஊத்துனா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான், நான் கேட்ட கேள்வி என் காதிலேயே விழுந்தது.

"கை தவறியிருக்கும்" என்றார் அவர். "அரை இருட்டு. கண்ணு சரியாத் தெரிஞ்சிருக்காது."

"அவருக்குக் கண்ணு கழுகுக் கண்ணுண்ணே. எனக்கு ஊசி கோத்துக் குடுக்குறதே அவர்தான்."

"ஒரு நாளு யாருக்கும் தவறும்."

"ஒரு நாளா அது?"

அவர் டப்பாவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஒரு நாள் தவறினால் ஒரு டம்ளர். இது ஒரு வாரம். கூட இருக்கலாம், நான்தான் தினமும் அடித்து அடித்துச் செலவழித்துக்கொண்டிருந்தேனே. இந்த வண்டியை இருட்டில் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுகிற மனுஷன். ஸ்டார்ட் செய்யும் சத்தத்தை வைத்தே எந்தத் திருகாணி தளர்ந்திருக்கிறது என்று சொல்கிறவர். தினமும் காலையில் அந்த இரண்டு மூடிகளுக்கு முன்னால் நின்று, தினமும் தவறானதைத் திறந்து, சரியாகச் செய்துவிட்ட நிம்மதியோடு இரண்டு தட்டுத் தட்டியிருக்கிறார். ஐம்பத்துமூன்று வயது அவருக்கு. ஐம்பத்துமூன்றுதான்.

டார்ச் அண்ணன் ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். முகத்தில் ஈயாடவில்லை. "நான் ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. போன வாரம் இங்க வந்தான். பம்ப எப்ப மாத்தலாம்னு கேட்டான். திங்கக்கிழம நீ ஓட்டுறதுக்கு முன்னாடி மாத்திரலாம்டான்னேன். சரின்னு போனான். மறுநாளும் வந்தான். அதே எடத்துல நின்னு அதையே கேட்டான். நான் வெளையாடுறான்னு நெனச்சேன். அவனைப் பத்திதான் தெரியுமே. நானும் பதிலுக்கு, எந்த பம்புடான்னு கேட்டேன். ரெண்டு பேரும் சிரிச்சோம்." சற்று நிறுத்தி, "இப்ப நெனச்சா, அவன் அப்புறமாத்தான் சிரிச்சான் தங்கச்சி. நான் சிரிச்சதப் பாத்துட்டு" என்றார்.

நீலக் கதவுக்கு அப்புறம் யாரு?

எழுந்து நின்றேன், எதற்கென்று தெரியாமல். திரும்ப உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் எனக்குப் பரீட்சை வைக்கவில்லை. நான் சொல்லச் சொல்ல அவர் படித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சாயங்காலமும், திங்கட்கிழமைக்காக, என் வாயிலிருந்து அந்தப் பாதையை ஒவ்வொரு வீடாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் கத்திய அன்று பாதியில் நின்றுபோயிருக்கும். மூன்றாவது மாடிக்கு அப்புறம் யார் என்று அவர் அன்றைக்குத் தெரிந்துகொள்ளவே இல்லை. "பத்துக்குப் பத்து" என்றாரே, பதினொரு வீடல்லவா? அதையும் நான் கவனிக்கவில்லை.

டார்ச் அண்ணன் பம்பை மாற்றி, பேட்டரி பக்கத்து டப்பாவில் புதுக் கூலண்டை நிரப்பினார். ஒரு மணிக்கு வேலை முடிந்தது. கைப்பம்பை மாட்டி அழுத்தினார். முள் நின்றது, இம்மியும் அசையவில்லை. வண்டி குணமாகிவிட்டது. ஓட்டுநர் பக்கத்து டப்பாவைக் கழற்றிக் கழுவி வைக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. வீட்டுக்காரர் கண்ணில் காட்ட வேண்டும் என்று நினைத்தேனா, அவர் ஊற்றியதைக் கீழே கொட்ட மனசு வரவில்லையா, இரண்டும்தானா. "திங்கக்கிழம..." என்று டார்ச் அண்ணன் ஆரம்பித்தார். முடிக்கவில்லை. நானும் முடித்து வைக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அவர் சாப்பிட்டுவிட்டு எனக்குத் தட்டை மூடி வைத்திருந்தார். "என்ன இவ்வளவு நேரம்? மேம்பாலத்த நீயே கட்டிட்டு வந்தியா?" என்றார். அந்தச் சிரிப்பில் ஒரு குறையும் இல்லை. நேற்று இருந்த மனுஷன்தான், முந்தாநாள் இருந்த மனுஷன்தான். ஒரு கணம் எல்லாம் டார்ச் அண்ணனின் கற்பனை என்றுகூட நம்பிவிட்டேன். கை கழுவச் சமையலறைக்குப் போனேன். ஜன்னல் பக்கத்தில் தொங்கும் காலண்டரில் ஒவ்வொரு தேதியிலும் பென்சிலால் ஒரு டிக் போட்டிருந்தது. தினமும் பார்த்த காலண்டர்தான், பால் கணக்கு என்று நினைத்திருந்தேன். பால் கணக்கு எழுதுகிறவள் நான் அல்லவா என்று அதுவரை தோன்றவில்லை. தாளைத் திருப்பிப் பார்த்தேன், மூன்று மாதமாக ஒரு நாள் விடாமல் டிக். இந்த மாதத்தில் சில தேதிகளில் இரண்டு. புதன்கிழமையில் மூன்று, கட்டத்துக்குள் இடமில்லாமல் ஒன்றின்மேல் ஒன்றாக. ஊற்றுவதில் பிழை வந்துவிடக்கூடாது என்று அவ்வளவு பாடுபட்டிருக்கிறார். குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதேன்.

இரண்டேகால் மணிக்கு நான் பிள்ளைகளைக் கூட்டிவரக் கிளம்பியபோது அவரும் கம்பை எடுத்துக்கொண்டார். இன்னொரு கையில் பச்சைக் கேன். "இருடி, அஞ்சு நிமிஷம். ஒரு வேலை பாக்கி."

"காலையில பாத்தீங்களே" என்றேன்.

"பாத்தேன் பாத்தேன். இன்னொரு தடவ பாத்தா கொறைஞ்சா போயிரும்?"

பானெட்டைத் திறந்து கம்பியில் நிறுத்தினார். கேனின் மூடியைத் திருகினார். நான் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். இதுவரை நான் அந்த இடத்தில் நின்றதே இல்லை, எப்போதும் ஜன்னலில்தான். அவர் கை பேட்டரிப் பக்கம் போனது. நின்றது. ஓட்டுநர் பக்கம் வந்தது. அங்கேயும் நின்றது. விரல்கள் லேசாக ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டன. தெருவில் ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனது. அவர் என் பக்கம் திரும்பினார். அதே வாத்தியார் சிரிப்பு. ஆனால் கண் மட்டும் சிரிக்கவில்லை, என் முகத்தையே பிடித்துக்கொண்டிருந்தது.

"சரி, சொல்லு பாப்போம். எதுல ஊத்தணும்?"

பரீட்சை எழுதுகிறவளைப் போலவே சொன்னேன். "பேட்டரி பக்கம்."

"கரெக்ட்" என்றார். மூச்சை விட்டார். மூடியைத் திறந்து குனிந்து பார்த்தார். "நெறைஞ்சு இருக்கே. யாரு ஊத்துனது?"

"நீங்கதான். காலையில."

"பாத்தியா? நான் சொன்னேன்ல" என்றார். அந்த முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்தபோது, என்னிடம் மூன்று மாதம் ஓட்டையை மறைத்த கோபம் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது. நானும் இப்போது அதைத்தானே செய்தேன். பானெட்டை இறக்கிவிட்டு அவர் கையை நீட்டினார். "குடு சாவிய. திங்கக்கிழம என்ன திங்கக்கிழம, நானே போயிட்டு வர்றேன். நீ பக்கத்துல ஒக்காரு."

சாவி என் உள்ளங்கையில் பதிந்து வலித்தது. மணி இரண்டரை. பள்ளி வாசலில் பதினொரு பேரும் பையை மாட்டிக்கொண்டு வரிசையில் நிற்க ஆரம்பித்திருப்பார்கள். "இன்னைக்குக் கடைசி நாளு, நான்தான் ஓட்டுவேன்" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் இருந்தது. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, மகாராணி" என்று வழி விட்டார்.

ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். இன்ஜின் முதல் திருகிலேயே பிடித்தது. அவர் வண்டிக்கு முன்னால் நின்று தலையைச் சாய்த்து அந்தச் சத்தத்தைக் கேட்டார். திருப்தியாகத் தலையாட்டினார். தட்டுவதற்குக் கையைத் தூக்கியவர் கண்ணாடியைப் பார்த்து முகம் சுளித்தார். காலையில் நான் இழுவிய கறை வில் வில்லாகக் காய்ந்திருந்தது.

"என்ன கண்ணாடி இது, எருமை நக்குன மாதிரி? தண்ணி அடி."

"பரவாயில்லங்க, நேரமாச்சு."

"புள்ளைங்க ஏறுற வண்டிடி. அடி சொல்றேன்."

கை வைப்பர் நெம்புகோலில் இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் விரலால் சைகை காட்டினார்: அடி, அடி. அவர் சொல்லி நான் வண்டியில் செய்யாதது எதுவும் இல்லை. அழுத்தினேன்.

இரண்டு பக்கமும் பச்சை பீறிட்டுக் கண்ணாடி முழுக்க வழிந்தது. அவர் கரைந்துபோனார். வைப்பர் ஒருமுறை போய் வந்தது. பச்சைக்கு நடுவே தெளிந்த அந்த வளைவில் அவர் முகம் தெரிந்தது, வாய் பாதி திறந்தபடி. மறுபடி வழிந்தது, மறுபடி துடைத்தது. அவர் கிட்டே வந்து, கண்ணாடி ஓரத்தில் வழிந்ததை ஒரு விரலால் தொட்டார். கட்டை விரலோடு சேர்த்துத் தேய்த்தார். முகர்ந்தார். பிறகு பானெட்டைப் பார்த்தார். அது மூடித்தான் இருந்தது; ஆனால் அதற்கடியில் எது எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும் என்பதைப்போல, பேட்டரி பக்கம் ஒரு பார்வை, ஓட்டுநர் பக்கம் ஒரு பார்வை. கடைசியில் என்னைப் பார்த்தார். கேள்வி கேட்கிற முகமாக இல்லை அது.

வைப்பரை நிறுத்த எனக்குத் தோன்றவில்லை. அது போய்ப் போய் வந்தது. அவர் கையை மெதுவாகத் தூக்கி, பானெட்டின்மேல் ஒரு தட்டுத் தட்டினார். கை அங்கேயே படிந்து கிடந்தது. நான் கியரில் கை வைத்துக்கொண்டு, இரண்டாவது தட்டுக்காகக் காத்திருந்தேன்.